எலுமிச்சையை வாடப் போட்ட வருஷம்

களை வெட்டுகிற தொழிலில் ‘வேலை முடிஞ்சுது’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் யாரும் கிடையாது. ‘இன்னைக்குப் போதும்’ என்றுதான் போவோம். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் ஊரெல்லாம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குக் கிளம்பும். நானும் என்கூட வேலைக்கு வருகிற பொம்பளைகளும் மட்டும் மேகத்தைப் பார்த்து வைவோம். சாரல் நனைத்த இடமெல்லாம் புல் எழும்பிவிடும், போன வாரம் வெட்டின இடத்தையே திரும்ப வெட்டணும். இதைப் படிக்கிறவர்களில் தோட்டத்தில் குனிந்து குனிந்து இடுப்பைத் தொலைத்தவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நான் செல்லத்தாய். இலத்தூர்ப் பக்கம் தோட்ட வேலைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவள். தென்னை, மா, எலுமிச்சை எதுவானாலும் களையெடுத்து, மண்ணைக் கொத்தி, பாத்தி கட்டிக் கொடுப்போம். எத்தனையோ தோட்டத்தில் வேலை செய்தாயிற்று. சம்பளம் வாங்கினோம், மறந்தோம். மைமூன் அக்காவின் எலுமிச்சைத் தோப்பை மட்டும் மறக்க முடியவில்லை.

முள்ளுக்கு ஆள் தெரியாது

எலுமிச்சை மரத்துக்கு அடியில் நிமிர்ந்து நின்று வேலை பார்க்க முடியாது. கிளை தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். கிளை முழுக்க முள். தலையில் துண்டைக் கட்டி, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து உள்ளே போகணும். மரத்தின் நிழல் விழுகிற வட்டத்துக்குள் மம்பட்டி போடக் கூடாது. இந்த மரத்துக்குச் சல்லி வேரெல்லாம் மேலாகவே ஓடும். ஒரு வெட்டு ஆழமாக விழுந்தால் அந்தப் பக்கத்துக் கிளை காய்ந்துவிடும். நிழலுக்குள்ளே சின்னக் களைக்கொத்தியால் மேலாகச் சுரண்டணும். நிழலைத் தாண்டி வெளியே வந்த பிறகு, வீட்டில் யார் மேல் கோபமோ அவர்களை நினைத்துக்கொண்டு ஓங்கிப் போடலாம்.

என்கூட வருகிறவர்களில் பேச்சியம்மாளுக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம். மைமூன் அக்கா தோப்புக்கு நாங்கள் முதல்முதலாகப் போன அன்றைக்கு ஒரு முள் அவள் காதோரத்தைக் கிழித்து, ரத்தம் கழுத்து வரைக்கும் இறங்கிவிட்டது. அக்கா பதறிப்போய், தான் குடிக்கக் கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றித் தன் கையாலேயே கழுவிவிட்டாள். எந்த முதலாளியம்மாவும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பேச்சி எரிச்சலை வெளிக்காட்டாமல் சிரித்தாள்: “விடுங்கக்கா, இந்தச் சவத்து மரத்துக்குக் களையெடுக்க வந்தவ யாரு, களவாங்க வந்தவ யாருன்னு என்னத்தத் தெரியும்?”

கோரைக்கு மருந்து

களையிலே பொல்லாதது கோரை. மேலே நாலு தாள்தான் தெரியும். அடியில் கிழங்கு கிழங்காக மணி கோத்த மாதிரி போய்க்கொண்டே இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் தாள் கையோடு வந்துவிடும், கிழங்கு உள்ளே சிரித்துக்கொண்டு கிடக்கும். தோண்டிப் பொறுக்கி, வரப்பில் போட்டு வெயிலில் காயவிடணும். நாங்கள் அப்படிப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், பக்கத்துத் தோட்டக்காரர் வேலி ஓரத்தில் வந்து நின்று மைமூன் அக்காவுக்குப் புத்தி சொன்னார். களைக்கொல்லி மருந்தை டேங்கில் கரைத்து ஒரு சுற்று அடித்தால் போதுமாம், ஆளும் வேண்டாம் தேளும் வேண்டாமாம். எங்கள் பிழைப்பே அந்த மருந்து டப்பாவுக்குள் போய்விடும் போலிருந்தது. ஆனாலும் நாமே ‘வேண்டாம்’ என்று சொன்னால் கூலிக்காகச் சொல்கிறோம் என்று ஆகிவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிழங்கைப் பொறுக்கினேன்.

மைமூன் அக்காவுக்கு ஊர் கடையநல்லூர். புருஷன் தவறிப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே மகன் ரியாஸ் துபாயில். இந்தத் தோப்பு அக்காவின் வாப்பா அவளுக்கென்று எழுதி வைத்தது. அவள் பேரில் இருக்கிற சொத்து இது ஒன்றுதான். கடையநல்லூரில் பஸ் ஏறி, தென்காசியில் மாறி, இலத்தூர் விலக்கில் இறங்கி, பிளாஸ்கில் டீயோடு நடந்து வருவாள். எங்களோடு உட்கார்ந்து குடித்துவிட்டு, ஒவ்வொரு மரமாகப் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்புவாள். பக்கத்துத் தோட்டக்காரர் போன பிறகு என்னிடம் சொன்னாள்: “மருந்து அடிச்சா இங்க ஆளே வர வேண்டாம்லா. அப்புறம் நான் மட்டும் என்னன்னு சொல்லிட்டு வீட்ட விட்டு எறங்குவேன், செல்லத்தாயி? இந்தத் தோப்பு இருக்கப் போய்த்தான் நான் பஸ் ஏறுதேன்.”

ரியாஸ் வாங்கிக் கொடுத்த மிஷின்

ரியாஸ் லீவுக்கு வந்தபோது புல் வெட்டுகிற மிஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு தோப்புக்கு வந்தான். தோளில் மாட்டிக்கொண்டு விசையை அழுத்தினால் நுனியில் தகடு சுற்றும். எனக்கு வந்ததே கோபம்! ‘ஏம்ப்பா, எங்களை வராதீங்கன்னு வாயால சொல்லப்பிடாதா?’ என்று கேட்டே விட்டேன். அவன் மிஷினைப் பேச்சியின் தோளில் மாட்டி, பிடிக்கிற விதத்தைச் சொல்லிக் கொடுத்தான். வரிசைக்கு நடுவில் மட்டும் மிஷின், மரத்தடிக்கு எங்கள் கைதான் என்றான். உள்ளதைச் சொல்லணுமே, அந்த வருஷம் முதுகுவலி பாதிதான். பேச்சி அதைக் கீழே இறக்கவே மாட்டேன் என்றாள்.

மிஷினோடு ஒரு கெட்ட சேதியையும் கொண்டுவந்திருந்தான். எலுமிச்சைக்குக் கோடையில்தான் மவுசு. இந்தத் தோப்போ மழைக்காலத்தில் கொட்டித் தீர்க்கும், அப்போது கேட்க நாதி இருக்காது, மரத்தடியிலே அழுகும். கோடை வந்தால் ஒரு காய் இருக்காது. ‘இதை ப்ளாட்டு போட்டு வித்துட்டு, நான் ஊரோட வந்து ஒரு கடை வைக்கேன்’ என்றான். அக்கா மாட்டேன் என்று அழுதாள். கடைசியில், வருகிற கோடைக்குக் காய்த்தால் தோப்பு இருக்கட்டும், காய்க்காவிட்டால் கொடுத்துவிடுவது என்று தாயும் மகனும் பேசி முடித்தார்கள். நான் அவனை முறைத்துக்கொண்டே நின்றேன். கிளம்புகிற நேரம் அவனாகவே என் பக்கத்தில் வந்தான்: “யக்கா, நான் ஒண்ணும் மரத்துக்கு எதிரி இல்ல. அங்கன வெயில்ல கெடந்து வேகுதேன், என் பிள்ளைக்கு என்னய போன்லதான் தெரியும். எனக்கும் ஊருக்கு வரணும்லா?”

வாடப் போட்டோம்

கோடைக் காய்ப்புக்கு எங்கள் கையில் ஒரு வழி இருக்கிறது. மரத்தை வாடப் போடுவது. சாரல் அடங்கி வெயில் ஏறுகிற நேரத்தில் தண்ணீரை நிறுத்திவிடணும். களையெல்லாம் எடுத்துவிட்டு, மரத்தைச் சுற்றி மண்ணை மேலாக ஒதுக்கி, சல்லி வேர் வெயிலைப் பார்க்கிற மாதிரி விடணும். மரம் தவிக்கும். இலை பீடி சுருட்டின மாதிரி சுருண்டு உதிர ஆரம்பிக்கும். செத்துப்போகுமோ என்று நாம் பயப்படுகிற அளவுக்கு வந்த பிறகு, தொழு உரம் போட்டு, மண்ணை மூடி, தண்ணீர் விட்டால் ஒரே மூச்சில் பூக்கும். ஐப்பசியில் பூத்தால் கோடையில் காய். அவசரப்பட்டு முந்தித் தண்ணீர் விட்டால் பூ வராது, வெறும் இலைதான் துளிர்க்கும். ரொம்பப் பிந்தினால் மரமே போய்விடும். எந்த நாள் சரியான நாள் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. பார்த்துப் பார்த்துத்தான் சொல்லணும். எனக்கே ஒவ்வொரு தடவையும் பயம்தான்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். சரி என்று தலையாட்டினாள். வேரைத் திறந்தோம். அதிலிருந்து காலையில் என் போன் அடித்தால் அவள்தான். ‘செல்லத்தாயி, இலை சுருளுது.’ ‘சுருளணும்க்கா.’ ‘உதிருதே.’ ‘உதிரணும்க்கா.’ எனக்கே என் பதிலைக் கேட்கச் சகிக்காது. தினமும் வருகிறவள், அந்தச் சமயத்தில் தோப்புக்கு வந்தாலும் மரத்துப் பக்கம் திரும்ப மாட்டாள். கிணற்றடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேச்சி டீயை ஊற்றிக் கொடுத்தபோது கையில் வாங்கி அப்படியே வைத்துக்கொண்டு சொன்னாள்: “பிள்ளையப் பட்டினி போட்டுட்டு நான் மட்டும் டீ குடிக்க மாதிரி இருக்குட்டி.”

புரோக்கர் பார்த்த தோப்பு

மரம் முக்கால் வாட்டத்தில் இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் போல விட்டால் சரியாக இருக்கும் என்று என் கணக்கு. அந்த நேரம் பார்த்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று ரியாஸ் வந்து இறங்கினான். வந்தவன் சும்மா வராமல், தெரிந்துவைத்துக்கொள்ளலாம் என்று ஒரு ப்ளாட்டு புரோக்கரையும் கூட்டிக்கொண்டு தோப்புக்கு வந்துவிட்டான். வாசலில் கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். தரையெல்லாம் மஞ்சள் இலை. கிளையில் மிச்சம் இருந்ததும் சுருண்டு தொங்குகிறது. வேர் எல்லாம் வெளியே. ‘என்னக்கா, எல்லாம் பட்டுப்போச்சே! எங்க உம்மா போன்ல ஒரு வார்த்தை சொல்லலியே!’ என்று தலையில் கை வைத்துவிட்டான்.

‘படவும் இல்ல, கெடவும் இல்ல, நாங்கதான் வாடப் போட்டிருக்கோம்’ என்று நான் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் நியாயமான பேச்சும் சண்டை மாதிரிதான் வெளியே வரும். அவன் நம்பவில்லை. நம்பாததிலும் தப்பில்லை, நானே வெளியாளாக இருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அக்காவாவது எனக்கு ஒத்துப் பேசுவாள் என்று பார்த்தால், கிணற்றடியிலிருந்து எழுந்து வந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ‘நீங்களாவது பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி, மரம் உசிரோட இருக்கா?’ என்று ரியாஸ் புரோக்கரையே கேட்டான். அந்த மனுஷன் ஒரு இலையைக் கையில் எடுத்துப் பொடித்து ஊதிவிட்டுச் சொன்னார்: “எனக்கு உசிரெல்லாம் பாக்கத் தெரியாது தம்பி. ரோட்டுப் பக்கம் முகப்பு நல்லா இருக்கு, அதைத்தான் நான் பாத்தேன்.”

மோட்டார்

அடுத்த நாள் எங்களுக்கு வேறு தோட்டத்தில் வேலை. அதற்கு மறுநாள் காலையில் நாங்கள் அக்காவின் தோப்புக்குப் போனால், தூரத்திலேயே ஈர மண் வாசம். ரோட்டுப் பக்கத்து மரம் பூராவும் பாத்தி நிறையத் தண்ணீர் குடித்துச் சொதசொத என்று கிடக்கிறது. கிணற்றுப் பக்கம் மட்டும் காய்ந்தபடியே இருக்கிறது. விசாரித்தால், ரியாஸ் மோட்டாரைப் போட்டு முதலில் ரோட்டுப் பக்கத்துக் குழாயைத் திறந்திருக்கிறான். அது பாய்ந்து முடிந்து, கிணற்றுப் பக்கத்துக்குத் திருப்பப் போன நேரத்தில் கரண்டு போய்விட்டது. கரண்டு வரட்டும் என்று காத்திருந்துவிட்டு, வராமல் போகவே தாயும் மகனும் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். மின்சாரத்தை நான் வையாத நாள் கிடையாது. அன்றைக்கு மட்டும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அக்காவும் ரியாஸும் வந்தார்கள், மிச்சத்துக்கும் தண்ணீர் விடலாம் என்று. நான் மோட்டார் ரூம் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். ‘இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க முடியலியா? இந்தப் பாதிக்காவது என்னய விடுங்க. இல்லேன்னா நான் இந்தப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டேன்’ என்று சத்தம் போட்டேன். பேச்சி என் கையைப் பிடித்து இழுத்தாள். ரியாஸ் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்: “நேத்து எங்க உம்மா ஒவ்வொரு மரத்தயா தொட்டுத் தொட்டு அழுதா யக்கா. அதப் பாத்துட்டுச் சும்மா நிக்க என்னால ஏலல.”

ரோட்டுப் பக்கம், கிணற்றுப் பக்கம்

ரியாஸ் துபாய்க்குத் திரும்பிவிட்டான். நாங்கள் கிணற்றுப் பக்கத்தை இன்னும் சில நாள் காயவிட்டு, உரம் போட்டு மூடி, தண்ணீர் விட்டோம். ரோட்டுப் பக்கத்தைத் திரும்ப வாடப் போட வழியில்லாமல் மழை பிடித்துக்கொண்டது. முதலில் துளிர்த்தது ரோட்டுப் பக்கம்தான். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை, கண்ணை எடுக்க முடியாது. பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ‘பாத்தியா செல்லத்தாயி, நீ என்னமோ சத்தம் போட்டியே!’ என்று இலையைத் தடவித் தடவிக் காட்டினாள். நான் களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டேன்.

கொஞ்ச நாள் கழித்துக் கிணற்றுப் பக்கத்துக் கம்பெல்லாம் வெள்ளை மொட்டு. இலையைவிடப் பூ அதிகம். தோப்பே மணத்தது, தேனீ இரைச்சலில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை. அக்கா அங்கேயும் இங்கேயும் நடந்து நடந்து பார்த்தாள். ரோட்டுப் பக்கத்துக் கிளைகளை விலக்கி விலக்கித் தேடினாள். ஒரு மொட்டு இல்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அங்கிருந்தே ரியாஸை வீடியோவில் கூப்பிட்டு இரண்டு பக்கத்தையும் காட்டினாள். அவன் பூவைப் பார்த்துவிட்டு, ‘சரி உம்மா, பாதி காய்ச்சாலும் காய்ச்சதுதான். இனி ப்ளாட்டுப் பேச்சே எடுக்க மாட்டேன்’ என்றான். முகத்தில் சிரிப்பு இருந்தது, குரலில் இல்லை. அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிர்பார்க்கவே இல்லை, பட்டென்று சொன்னாள்: “ரோட்டுப் பக்கத்தக் குடுத்துருவோம்லே. நீ பொட்டியக் கட்டிட்டு வந்து சேரு.”

ஜே.சி.பி. வந்த நாள்

அளந்து கல் ஊன்றினார்கள். ரியாஸ் வந்து சேர்ந்துவிட்டான். கடைக்கு இடம் பார்த்தாகிவிட்டது. மரத்தைப் பிடுங்க ஜே.சி.பி. வந்த அன்றைக்குக் கிணற்றுப் பக்கம் எங்களுக்குக் களை வேலை. பூவெல்லாம் உதிர்ந்து, பட்டாணி அளவுக்குப் பிஞ்சு பிடித்திருந்தது. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று குனிந்தே இருந்தேன். ஆனால் வேர் அறுகிற சத்தம் கேட்கத்தானே செய்யும்? வேரில் கொத்து பட்டுவிடக் கூடாதே என்று நாங்கள் பயந்து பயந்து சுரண்டின மரங்கள். இரும்புக்கை அடியோடு தூக்கிப் போட்டது. பேச்சி மிஷினை நிறுத்தி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரியாஸ் ரோட்டில் நின்று எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

மைமூன் அக்கா மட்டும் எல்லைக்கல் பக்கத்திலேயே நின்று, கடைசி மரம் வரைக்கும் பார்த்தாள். புழுதி அடங்கின பிறகு பிளாஸ்கை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். ‘வீட்டுக்குப் போயிருக்கலாம்லாக்கா, இதையெல்லாம் ஏன் பாத்துக்கிட்டு?’ என்று கேட்டேன். எனக்கு முதலில் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்: “அந்த மரத்து மேல ஒரு குத்தமும் இல்ல, செல்லத்தாயி. நாங்க அழுதுகிட்டே தண்ணி ஊத்துனோம், அது நம்பிக் குடிச்சிட்டுது.”

இரக்கப்படுவதும் எங்கள் தொழிலில் ஒரு களைதான்; என்ன செய்ய, அதை மட்டும் வேரோடு பிடுங்க எனக்கு இன்னும் கை வரவில்லை.